எட்டாம் நாள் சாயங்காலம்

இதை அமலோற்பவத்துக்கு முதலில் சொன்னது தெக்லாதான். போன ஞாயிற்றுக்கிழமை, இரண்டாம் பூசை முடிந்து, மாதா கெபிக்குப் பக்கத்தில் குவிந்துகிடந்த செருப்புகளுக்குள் இருவரும் தங்களுடையதைத் தேடிக்கொண்டிருந்தபோது. "ஏளா அமலம், ஒம் மவ யுனிவர்சிட்டில நின்னுக்கிட்டு சாமி நம்ம செபத்தையெல்லாம் கேக்கவே மாட்டாருன்னு பேசுதாளாமே? எம் மருமவன் தம்பி அங்க கேன்டீன்லதான டீ போடுதான், ஜன்னல் வழியா அவன் காதாலயே கேட்டிருக்கான். அதுவும் எங்க வச்சுங்கிற? ஃபாதருமாரு நடத்துத எடத்துல வச்சு. நீ மரியாயின் சேனைக் கூட்டத்துல முந்திக்கிட்டு செபமாலை சொல்லுத, பெத்த மவளப் பாரு." தெக்லாவின் ஒரு காலில் செருப்பு இருந்தது, இன்னொரு கால் வெறுங்கால், அதன் சுண்டுவிரலில் காய்த்த ஓர் ஆணி. சொன்ன சொல்லைவிட அந்த ஆணிதான் அமலோற்பவத்துக்கு நான்கு நாளாகக் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் போனில் மகளிடம் "சாப்பிட்டியா மக்கா" என்றாள், மகள் "சாப்பிட்டேம்மா" என்றாள், அதோடு சரி. கேட்க வேண்டியது நாக்கின் நுனிவரை வந்து, மீன் முள்ளைப் போலக் குறுக்கே நின்றுகொண்டது. வியாழக்கிழமை பன்னிரண்டு மணிப் பஸ்ஸில், யாரிடமும் சொல்லாமல், செபமாலையை முந்தானையில் முடிந்துகொண்டு ஏறி உட்கார்ந்துவிட்டாள். கப்பலில் இருக்கிற மூத்தவனிடமும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பான்.

இப்போது மூன்று மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கிறது. ஞானவாசல் என்று பெயர் எழுதிய மஞ்சள் வீட்டின் கூடத்தில், கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். பல்கலைக்கழகத்தின் பின்வாசலை ஒட்டி வேப்பமரங்களுக்கு நடுவில் இருக்கிறது இந்த வீடு. தரை துடைத்த லைசால் வாசமும் பழைய புத்தக வாசமும் கலந்து, பூட்டிவைத்திருந்த கோயிலைத் திறந்த மாதிரி இருக்கிறது. எட்டாம் வகுப்போடு நின்றவளுக்கு அலமாரிகளின் மேலே ஒட்டியிருப்பதை எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க முடிகிறது. இ-றை-யி-யல். மெய்-யி-யல். கணக்குப் படிக்கிறவன், செடிகொடி படிக்கிறவள், எந்த வகுப்புப் பிள்ளை வேண்டுமானாலும் வந்து சாமியைப் பற்றியும் மனுஷனைப் பற்றியும் கேள்வி கேட்கலாம், அதற்காகத்தான் சபையார் இந்த வீட்டை நடத்துகிறார்களாம். வாசலில் ஃபாதர் கஸ்பார்தான் சொன்னார். நெட்டையாக, கைலியில் டீக்கறையோடு நின்றிருந்தார், அவர் ஃபாதர் என்று முதலில் இவளுக்குத் தெரியவில்லை. டெல்பினோட அம்மா என்றதும் முகம் விரிந்தது. "வாங்கம்மா, வாங்க. டெல்பின் இன்னைக்கு விவாதத்துல எதிர்ப்பக்கம். போன வியாழன் மழையில கரண்டு போயி பாதியில நின்னுபோச்சு. பயந்துராதீங்க, இங்க எந்தப் பக்கம் யாரு பேசணும்னு சீட்டுப் போட்டுத்தான் எடுப்போம். அவங்களுக்கு 'சாமி கேக்க மாட்டாரு'ன்னு விழுந்திருக்கு. நல்லா எதிர்த்துப் பேசினாத்தானே மத்தவங்களுக்குப் பதில் தேடத் தோணும்?" அமலோற்பவத்துக்கு நெஞ்சுக்குள்ளிருந்து ஒரு மூட்டை இறங்கினது போல இருந்தது. சீட்டு. வெறும் சீட்டு. தெக்லாவின் மருமகன் தம்பி ஜன்னல் வழியாகப் பாதியைக் கேட்டிருக்கிறான், தெக்லா அதற்கு மீதியைச் சேர்த்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை அவளை என்ன கேட்க வேண்டும் என்று வாக்கியம் வாக்கியமாக அடுக்கிக்கொண்டே, ஃபாதர் கொண்டுவந்து கொடுத்த தண்ணீரைக் குடித்தாள். குளிர்ந்த தண்ணீர். மண்பானைத் தண்ணீர்.

மூன்று அடித்தது. முடிச்சை அவிழ்த்து செபமாலையை எடுத்தாள். மூன்று மணிக்கு எங்கே இருந்தாலும், பஸ்ஸானாலும் ரேஷன் வரிசையானாலும், ஆண்டவர் உயிர்விட்ட நேரம் என்று ஒரு சுற்றுச் சொல்லிவிடுவாள். முதல் மணி, இரண்டாம் மணி. மகள் எழுந்து முன்னால் போய் நிற்கிறாள். கடுகு நிறச் சுடிதார், அதைப் போன கிறிஸ்துமஸுக்கு இவள்தான் எடுத்துக்கொடுத்தாள், கழுத்துப் பக்கம் கொஞ்சம் தொளதொளப்பு, பிடித்துத் தைக்கச் சொன்னேனே. முடியை ஏன் இப்படி அள்ளிச் செருகியிருக்கிறாள். இருபத்தாறு வயசு. வெளிச்சத்தைப் பற்றி என்னமோ ஆராய்ச்சி, அதற்கு இருட்டறைக்குள் போய் உட்கார வேண்டுமாம், வெளிச்சத்தைப் பார்க்க இருட்டுக்குள் போவானேன் என்று கேட்டதற்கு அன்று அப்படிச் சிரித்தாள். நான்காம் மணியா, ஐந்தா. பலகையில் 'நம் வேண்டுதலை இறைவன் கேட்கிறாரா?' என்று எழுதியிருக்கிறது. முன்வரிசையில் முக்காடு போட்ட ஒரு பிள்ளை, பக்கத்தில் விபூதி பூசிய ஒரு பையன், இன்னும் பத்துப் பதினைந்து தலைகள், மேலே ஃபேன் சுற்றச் சுற்றக் கிறீச்சென்று ஒரு சத்தம், சுற்றுக்கு ஒரு தரம், அந்தக் கிறீச்சை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று மனசு தன்பாட்டுக்கு அதன் பின்னால் போகிறது. கப்பி. துறைமுகத்தில் கப்பியில் கயிறு ஓடுகிற சத்தம். கல்யாணமான புதிதில் ஒரு தரம் மிக்கேல் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார், கப்பலில் சரக்கு ஏற்றி இறக்கும் வின்ச்சில் வேலை அவருக்கு, கீழே நிற்கிறவன் கையாலேயே பேசுவான், ஏற்று, நிறுத்து, மெதுவாக இறக்கு, அந்த இரைச்சலில் வாய்ப்பேச்சு எடுபடாது. டெல்பின் பேசத் தொடங்கிவிட்டாள். என்ன நிதானமான குரல். கோயிலில் வாசகம் வாசிக்கிற குரல்.

"நான் பெரிசா ஒண்ணும் சொல்லப்போறதில்ல. ஒரே ஒரு வீட்டப் பத்தி மட்டும் சொல்றேன். ஒரு வீட்டுல ஒருத்தருக்கு நுரையீரல் காஞ்சு போயிருச்சு. அவரு பிழைக்கணும்னு அந்த வீட்டுல ரெண்டு பேரு நவநாள் பிடிக்கிறாங்க. ஒன்பது நாள், முழங்கால்ல நின்னு, ஒரே மெழுகுவர்த்தி முன்னால. ரெண்டு பேரு ஒருமனப்பட்டுக் கேட்டா கிடைக்கும்னு நமக்கு வேதத்துல வாக்கு இருக்கு. அவங்க ஒருமனப்பட்டாங்க. ஒன்பதாவது நாள் காலையில அவரு செத்துப்போனாரு." ஏழாம் மணியில் அமலோற்பவத்தின் விரல் நின்றது. டெல்பின் காகிதத்தைப் பார்த்துப் படிக்கவில்லை, கூரையைப் பார்த்துச் சொல்கிறாள். "அதுல ஒருத்தி சின்னப் பிள்ளை. நவநாளைப் பாதியில விடக்கூடாதுன்னு அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தாங்க. அதனால கூடத்துல அவரைக் கிடத்தியிருக்கையில, உள்ளே போயி ஒன்பதாவது நாள் செபத்தையும் அவ சொல்லி முடிச்சா. பிழைக்க வைங்கன்னு. செத்தவரை." யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். அது சீட்டில் எழுதியிருக்காதே, ஃபாதரே. சீட்டு பக்கத்தைத்தான் சொல்லும், என் வீட்டு முன்கூடத்தைச் சொல்லுமா. ஒன்பதாவது நாளை அவள் சொல்லி முடித்தாள் என்பது எனக்கே தெரியாதே. அன்றைக்கு நான் எங்கே இருந்தேன். வாசலில், பெண்டுகளுக்கு நடுவில், யாரோ சோடா கொடுத்தார்கள், மூக்கில் ஏறியது. பிள்ளையைத் தேடினேனா? தேடினதாக ஞாபகம் இல்லை. பதினைந்து வயசுப் பிள்ளை உள்ளே தனியாக மெழுகுவர்த்தி முன்னால் முழங்காலில் நின்றிருக்கிறது, அம்மாக்காரி சோடா குடித்துக்கொண்டு இருந்திருக்கிறாள். பதினோரு வருஷம் ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்துவிட்டு, முன்பின் தெரியாத பதினைந்து பேர் முன்னால் கூரையைப் பார்த்துச் சொல்கிறாளே. எத்தனையாவது மணி? தெரியவில்லை. முதலிலிருந்து தொடங்கினாள். ஃபேன் கிறீச். மூச்சு. கடைசி மாதம் அவர் மூச்சு அப்படித்தான் இருந்தது, கயிறு கப்பியில் சிக்கிக்கொண்டு வரமாட்டேன் என்று இழுபடுவது மாதிரி. அடுத்த இழுப்பு வருமா வராதா என்று வீடே காதைத் தீட்டிக்கொண்டு கிடக்கும். வந்துவிட்டால், ஐயோ வந்துவிட்டதே என்று இருக்கும். அப்படியா இருந்தது? ஆமாம், அப்படித்தான் இருந்தது.

பதில் சொல்ல ஆல்பன் என்று ஒரு பையன் எழுந்தான், கண்ணாடி போட்டவன், கையில் நாலைந்து தாள். ஆரம்பிக்கப் போனவனை ஃபாதர் கைகாட்டி நிறுத்தினார். "முதல்ல திருப்பிச் சொல்லு." இந்த வீட்டில் அது ஒரு வழக்கமாம், பக்கத்து நாற்காலிப் பிள்ளை இவள் முழிப்பதைப் பார்த்துக் கிசுகிசுப்பாகச் சொன்னாள்: எதிராளி சொன்னதை முதலில் நம் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும், 'ஆமா, அதைத்தான் சொன்னேன்' என்று அவர் ஒத்துக்கொள்ளும் வரைக்கும் பதில் பேச விடமாட்டார்கள். ஆல்பன் தொண்டையைச் செருமினான். "சில வேண்டுதல்கள் நிறைவேறுறதில்ல, அதனால இறைவன் கேக்கலைன்னு டெல்பின் சொல்றாங்க." "இல்ல," என்றாள் டெல்பின். "நான் சில வேண்டுதல்னு சொல்லல. ஒரு வீடுன்னு சொன்னேன்." சிரிப்பு. "சரி, ஒரு வீட்டுல ஒருத்தர் பிழைக்கணும்னு ஒரு பிள்ளை வேண்டிக்கிச்சு..." "இல்ல. ஒரு பிள்ளை இல்ல, ரெண்டு பேரு. அதுதான் விஷயமே. சின்னப் பிள்ளைக்கு நம்பிக்கை பத்தலைன்னு நீ சொல்லிருவ. கூட நின்ன இன்னொருத்தருக்கு மலையளவு நம்பிக்கை. அந்த ரெண்டு பேரும் ஒரே வாயா ஒண்ணைத்தான் கேட்டாங்க." ஆல்பன் ஃபாதரைப் பார்த்தான். "ஃபாதர், இவ எம்.எஸ்சி. வைவாவ விட மோசமா இருக்கா." எல்லாரும் சிரித்தார்கள், டெல்பின்கூட லேசாகச் சிரித்தாள், சிரிக்கும்போது அப்பாவின் பல். தூணுக்குப் பின்னால் அமலோற்பவம் தலையைக் குனிந்துகொண்டாள். மலையளவு நம்பிக்கை. மக்கா, யாரைச் சொல்லுத. "வேற யாராவது திருப்பிச் சொல்றீங்களா?" என்று ஃபாதர் கூடத்தைச் சுற்றிப் பார்த்தார், அவர் கண் தூண் வரைக்கும் வந்து, தூணைத் தாண்டி, இவள்மேல் ஒரு நொடி நின்றது போல இருந்தது. முழங்கால் தானாக எழப் பார்த்தது. அமுக்கி உட்கார்ந்தாள். ஒரே வாயா ஒண்ணைத்தான் கேட்டாங்க. இல்லை மக்கா. அங்கேதான் தப்பு. ஒன்றைக் கேட்கவில்லை.

எட்டாம் நாள் சாயங்காலம். அதன் பக்கமே போகக்கூடாது என்று பதினோரு வருஷமாகச் சுற்றிச் சுற்றி வேறு தெருவழியாகப் போய்க்கொண்டிருக்கிறாள், இன்றைக்கு இந்த ஃபேன் சத்தம் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் நேரே அங்கே நிறுத்திவிட்டது. மெழுகுவர்த்தி அடிவரை வந்துவிட்டது என்று டெல்பின் கடைக்குப் போயிருந்தாள். ஜன்னலில் மஞ்சள் வெயில், அது கட்டில் சட்டத்தில் கோடாக விழுந்து கிடந்தது, வெயில் என்று சொல்லக்கூட முடியாது, வெயில் போன பிறகு சுவரில் கொஞ்ச நேரம் இருக்குமே, அது. மிக்கேல் கண்ணைத் திறந்து இவளைப் பார்த்தார். பேச்சு நின்று நாலு நாள். வலது கையைப் போர்வைக்கு மேலே எடுத்தார், அதற்கே ஒரு யுகம் ஆனது, உள்ளங்கை கீழே பார்க்க விரித்து, மெல்ல மெல்லத் தாழ்த்தினார். இறக்கு. பிள்ளைகள் இரண்டும் அந்தக் கையைப் பார்த்தே வளர்ந்தவர்கள், தோளில் ஏறி உட்கார்ந்துகொண்டு, 'இறக்கு' என்று கை காட்டினால்தான் அப்பா இறக்கிவிடுவார், வாயால் சொன்னால் காது கேட்காத மாதிரி நடந்துகொண்டே இருப்பார். மெதுவாக இறக்கு. இரண்டு தரம் காட்டினார். இவள் எழுந்து அடுக்களைக்குப் போனாள். ஏன் போனாள், அங்கே என்ன வேலை? ஒன்றுமில்லை. குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. திருஇருதய ஆண்டவர் படம் அடுக்களையில் இல்லை, கூடத்தில்தான் இருக்கிறது, அவருக்கு முன்னால் சொல்ல வாய் வராமல்தான் இங்கே வந்திருக்க வேண்டும். அரிசிச் சட்டியைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். இறக்கிருங்க ஆண்டவரே. அவ்வளவுதான். பெரிய செபம் ஒன்றும் இல்லை. பிறகு பிள்ளை மெழுகுவர்த்தியோடு வந்தது, இரண்டு பேரும் முழங்காலில் நின்றார்கள், புனித யூதா ததேயுவே பிழைக்க வையும் என்று வாய் சொன்னது, பிள்ளையின் குரலை விடச் சத்தமாகவே சொன்னது, உள்ளே வேறொன்று இறக்கிருங்க இறக்கிருங்க என்று ஓடிக்கொண்டே இருந்தது. விடிந்தபோது இறக்கிவிட்டிருந்தார். இதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல எத்தனை தரம் போனாள். மூங்கில் தட்டிக்கு முன்னால் குனிந்து, கோபப்பட்டேன், புறணி பேசினேன், ஞாயிறு பூசைக்குப் பிந்தி வந்தேன் என்று எல்லாம் சொல்லிவிட்டு, இதற்கு வரும்போது திக்கென்று நின்றுவிடும். பாவம் என்றால் சொல்லி இறக்கிவைக்கலாம். பாவம் இல்லை என்றால் இது என்ன, இதற்குப் பேர் என்ன, எந்தக் கட்டளையில் சேர்ப்பது. இன்னொரு நினைப்பும் உண்டு, அதுதான் விடியற்காலையில் வந்து பக்கத்தில் படுத்துக்கொள்ளும்: இரண்டு பேர் ஒருமனப்பட்டிருந்தால் ஒருவேளை பிழைத்திருப்பாரோ, ஒருமனத்தை உடைத்தவள் நீதானே. ஆண்டவரே, கேட்டீரே. நான் கேட்டதைக் கேட்டீரே. பிள்ளை கேட்டது எங்கே போய் விழுந்தது என்று நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லையே. இப்போது சொன்னால் என்ன ஆகும்? அவளுக்கு உம்மேல் பதினோரு வருஷமாக இருக்கிற கோபம் அப்படியே திரும்பி என்மேல் வரும். நீர் தாங்கிக்கொள்வீர், தாங்கித்தானே இருக்கிறீர். நான் தாங்குவேனா? சொல்லாவிட்டால் அவள் போனில் சாப்பிட்டேம்மா என்று சொல்லிக்கொண்டேயிருப்பாள், நானும் சரி மக்கா என்பேன், கடைசிவரைக்கும்.

மணி அடித்ததும் எல்லாரும் எழுந்தார்கள். ஆல்பன் மூன்றாம் தரமும் தோற்றுவிட்டானாம், மீதி அடுத்த வியாழன் என்றார் ஃபாதர். டீ வந்தது, குடித்தார்கள், கலைந்தார்கள். இந்த வீட்டில் இன்னொரு வழக்கமும் இருக்கிறது: எதிரும் புதிருமாகப் பேசிய இரண்டு பேரும் சேர்ந்துதான் டீத் தம்ளர்களைக் கழுவ வேண்டும். பின்பக்கம் வேப்பமரத்தடிக் குழாயில் தம்ளர்களைக் குவித்துப்போட்டு டெல்பின் குந்தியிருந்தாள், சோப்புத்தூளோடு வந்த ஆல்பனை அமலோற்பவம் வழியிலேயே மறித்தாள். "தம்பி, நீ போ. நான் கழுவுதேன். நான் டெல்பின் அம்மா." அவன் முகம் ஒரு மாதிரி ஆகி, சிரிப்பாகி, "ஆன்ட்டி, வீட்டுலயும் இப்படித்தானா இவ?" என்று கேட்டுவிட்டுத் தூளைக் கொடுத்துப் போனான். டெல்பின் நிமிர்ந்தாள். "எம்மா! நீ எப்ப வந்த?" "மூணுக்கு முந்தியே வந்துட்டேன்." "எங்க இருந்த?" "தூணுக்குப் பொறத்தால." குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது, யாரும் நிறுத்தவில்லை. "எம்மா, அது சீட்டுல விழுந்ததும்மா, சும்மா ஒரு வாதத்துக்கு..." "ஃபாதர் சொன்னாரு." அமலோற்பவம் சேலையைச் செருகிக்கொண்டு எதிரே உட்கார்ந்து ஒரு தம்ளரை எடுத்தாள். தம்ளரின் உள்ளே ஆடை காய்ந்து வட்டமாக ஒட்டியிருந்தது. அதை நகத்தால் சுரண்டினாள். "நான் திருப்பிச் சொல்லட்டா?" டெல்பின் அடுத்த தம்ளரைக் குழாயடியில் பிடித்தாள். "அப்பா பொழைக்கணும்னு ரெண்டு பேரு ஒன்பது நாளு கேட்டாவ. ரெண்டு பேரும் ஒண்ணத்தான் கேட்டாவ. கேட்டது கெடைக்கல. அதனால கேக்குததுக்கு அங்க யாரும் இல்ல. இதத்தான சொன்ன?" டெல்பின் தம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். "கடைசியா சொன்னது மட்டும் இல்லம்மா. யாரும் இல்லன்னு எனக்குச் சொல்ல வரல. அதான் கஷ்டமா இருக்கு. இருந்தும் கேக்கலையேன்னுதான்." "சரி. இருந்தும் கேக்கல. இதத்தான சொன்ன?" "ஆமா," என்றாள் மகள், சின்னக் குரலில். "அதைத்தான் சொன்னேன்."

இனிப் பதில் பேசலாம். வழக்கப்படி பேசலாம். வேப்பம்பழம் ஒன்று பொத்தென்று விழுந்தது. தம்ளரைக் கீழே வைத்துவிட்டு அமலோற்பவம் எட்டாம் நாள் சாயங்காலத்தைச் சொன்னாள். மகள் மெழுகுவர்த்தி வாங்கப் போனதை, சுவரில் இருந்த மஞ்சளை, அப்பா கையை எடுத்ததை. வார்த்தை அங்கே சிக்கிக்கொண்டது. அதனால் நுரை வடிகிற தன் கையையே விரித்து, உள்ளங்கை கீழே பார்க்க, மெல்லத் தாழ்த்திக் காட்டினாள். டெல்பினின் கண் அந்தக் கையோடு சேர்ந்து இறங்கியது. தெரிந்துவிட்டது, அது என்ன என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. "ரெண்டு தரம் காட்டுனாரு மக்கா. நான் அடுக்களைக்குப் போயி, அப்படியே கேட்டுட்டேன். நீ வந்த பெறவு ஒங்கூட முட்டி போட்டது பொய். வாய் மட்டுந்தான் ஒங்கூட இருந்துச்சு. நாம ரெண்டு பேரும் ஒண்ணக் கேக்கல." சொல்லி முடித்ததும், மகள் முகத்தில் என்ன வரப்போகிறது என்று பார்க்கத் தைரியம் இல்லாமல், குழாயைத் திருகி நிறுத்தினாள். தண்ணீர்ச் சத்தம் நின்றதும் தூரத்தில் கேன்டீனில் யாரோ தம்ளரில் டீயை ஆற்றுகிற சத்தம் கேட்டது.  மகள் எழுந்து போகவில்லை. ஈரக் கை இரண்டும் மடியில் அப்படியே கிடந்தன. கோபப்படட்டும். அழட்டும். பிறகு ஆகட்டும் அதெல்லாம். இது மட்டும் இப்போது வேண்டும் போல இருந்தது அமலோற்பவத்துக்கு, தாகத்துக்குத் தண்ணீர் மாதிரி. பதினோரு வருஷமாகத் தன் காதுக்குள்ளேயே கேட்டுக்கொண்டிருந்ததை இன்னொரு வாயில் ஒரு தரம் கேட்க வேண்டும்.

"மக்கா," என்றாள், "பதில் ஒண்ணும் சொல்லாண்டாம். நான் சொன்னத ஒரு தரம் திருப்பி மட்டும் சொல்லு."